தபால் பை சுமந்த பறப்பு நேரம்: திருவனந்தபுரம், 1935

விமானி ஒருவரின் தொழில் தகுதியை அளக்கும் முதல் அளவுகோல் அவருடைய பறப்புப் பதிவேட்டில் உள்ள மணிக்கணக்கு. இந்தியாவில் இன்று வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரப் பறப்பு வேண்டும். விமானத்தின் தலைமை விமானியாகப் பொறுப்பேற்பதற்கான உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட 1,300 மணி நேரத்தை ஓர் இளம் விமானி எங்கே, யாருடைய செலவில், எதைச் சுமந்துகொண்டு கடக்கிறார் என்ற கேள்வி விமானப் போக்குவரத்து வரலாற்றில் உரிய கவனத்தைப் பெறவில்லை. நிறுவனங்களின் வரலாறு உண்டு. விமானங்களின் வரலாறு உண்டு. சாதனைப் பயணங்களின் வரலாறும் உண்டு. விமானி என்னும் உழைப்பாளி உருவாகும் முறையின் வரலாறு பெரும்பாலும் அடிக்குறிப்புகளிலேயே நின்றுவிடுகிறது.

அமெரிக்காவில் இந்த இடைவெளியை நிரப்புவதில் சிறு சரக்கு விமானங்களுக்கு நெடுங்காலமாகப் பங்குண்டு. அங்கு வாடகை, சரக்குச் சேவைகளில் சிறு விமானத்தைத் தலைமையேற்று ஓட்ட, கண்பார்வை விதிகளின்கீழ் 500 மணி நேரமும், கருவிகளை நம்பிப் பறக்கும் விதிகளின்கீழ் 1,200 மணி நேரமும் தேவை. பயிற்றுநராகச் சில நூறு மணி நேரம் சேர்த்த இளைஞர், அடுத்ததாகச் செஸ்னா கேரவன் போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் பார்சல்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சிற்றூர்களுக்குப் பறக்கிறார். உடன் பயணியில்லை, பெரும்பாலும் துணை விமானியும் இல்லை. இந்தியாவில் அந்தப் படி ஏறத்தாழ இல்லை. 200 மணி நேரம் முடித்தவர், குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியைப் பெற்று, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் அமர்ந்த ஜெட் விமானத்தின் துணை விமானி இருக்கைக்கு நேரே செல்கிறார். ஆனால் அந்தப் படி இந்தியாவில் ஒரு காலத்தில் இருந்தது. அது தபால் பையின் வடிவில் இருந்தது. அதன் தெற்கு முனைகளுள் ஒன்று திருவனந்தபுரம்.

கழகங்களும் அவற்றின் எல்லையும்

1927இல் இந்திய-பர்மா ஏரோ கிளப் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து டெல்லி, பம்பாய், கல்கத்தா, கராச்சி ஆகிய நகரங்களில் பறப்புக் கழகங்கள் அரசு உதவியோடு தோன்றின. 1929 பிப்ரவரி 10 அன்று ஜே. ஆர். டி. டாட்டா பெற்ற உரிமம் அக்கழகத்தின் முதல் எண்ணைத் தாங்கியது. இக்கழகங்கள் பறக்கக் கற்றுக்கொடுத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் கற்றவரை விமானியாக நிலைநிறுத்தும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. கழக விமானம் பெரும்பாலும் புறப்பட்ட திடலையே சுற்றிவந்து அங்கேயே இறங்கியது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கற்பவரே பணம் கட்ட வேண்டும். ஆகவே பொழுதுபோக்குக்காகப் பறக்கும் முதல்நிலை உரிமத்தோடு பலர் நின்றுவிட்டனர். கூலிக்குப் பறக்கும் உரிமை தரும் அடுத்த நிலை உரிமத்துக்கு வேண்டிய பறப்பு நேரத்தைச் சொந்தச் செலவில் சேர்ப்பது செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சமஸ்தான இளவரசர்களுக்குமே இயலக்கூடியதாக இருந்தது.

மற்றொரு வழி வேடிக்கைப் பறப்பு. தென்னாப்பிரிக்காவில் பிறந்து பிரித்தானிய விமானப்படையில் பணியாற்றிய நெவில் வின்ட்சென்ட், 1920களின் இறுதியில் நண்பர் நியூவாலுடன் பழைய போர் விமானங்களைக் கொண்டு இந்தியாவெங்கும் சுற்றி, கட்டணம் செலுத்தியவர்களை வானில் ஏற்றி இறக்கினார். மக்களின் வியப்பு அவருடைய எரிபொருளுக்கு விலை கொடுத்தது. வியப்பு தீர்ந்ததும் அந்த வருவாயும் தீரும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே நிரந்தரமான சுமை ஒன்றைத் தேடினார். 1929 மார்ச் முதல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சி வரை தபால் கொண்டுவந்தது. கராச்சியிலிருந்து தெற்கே அதை விமானத்தில் கொண்டுசெல்லும் திட்டத்தை டாட்டா நிறுவனத்தின் முன் வைத்தவர் வின்ட்சென்ட்.

1,60,000 மைல் என்பதன் பொருள்

அத்திட்டத்துக்கு அரசு மானியம் கிடைக்கவில்லை. தபாலின் எடைக்கேற்ற கட்டணம் மட்டுமே வருவாய் என்ற நிபந்தனையை ஏற்றே டாட்டா நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா ஒரு புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹு வந்திறங்கினார். அங்கிருந்து வின்ட்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுசென்றார். அகமதாபாத்தில் எரிபொருள் மாட்டுவண்டியில் வந்த செய்தி பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. முதற்பயணத்தின் தபால் எடை ஏறத்தாழ 25 கிலோ.

அந்த முதல் பயணமே இதுவரை அதிகம் கொண்டாடப்பட்டுள்ளது. விமானியின் வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது அதன் பின்வந்த ஓராண்டு. முதல் ஆண்டில் இச்சேவை 1,60,000 மைல் பறந்தது. 155 பயணிகளையும் பத்து டன்னுக்குச் சற்றுக் குறைவான தபாலையும் சுமந்தது. 60,000 ரூபாய் இலாபம் ஈட்டியது. இந்த எண்கள் பொதுவாக நிறுவனத்தின் வெற்றிக்குச் சான்றாகவே காட்டப்படுகின்றன. அவற்றை வேறுவிதமாகவும் படிக்கலாம். புஸ் மாத்தின் பயண வேகம் மணிக்கு ஏறத்தாழ 100 மைல். எனவே 1,60,000 மைல் என்பது தோராயமாக 1,600 மணி நேரப் பறப்பு. டாட்டா, வின்ட்சென்ட், ஹோமி பரூச்சா என்னும் மூவரே அப்போது அச்சேவையின் விமானிகள். சமமாகப் பகிர்ந்தாலும் ஒருவருக்கு 500 மணி நேரத்துக்கு மேல் வரும். தன் பிற தொழிற்பொறுப்புகளுக்கிடையே பறந்த டாட்டாவின் பங்கு குறைவாகவே இருந்திருக்கக்கூடும் என்பதால் மற்ற இருவரின் பங்கு இன்னும் மிகும். கழகத் திடலைச் சுற்றிப் பறந்து பல ஆண்டுகளில் சேரும் மணிக்கணக்கு, தபால் தடத்தில் ஓராண்டில் சேர்ந்தது. அதற்கான செலவை ஏற்றவர்கள் கடிதத்தில் கூடுதல் தபால்தலை ஒட்டிய வணிகர்களும் அதிகாரிகளும் குடும்பத்தினரும். தங்கள் கடிதம் ஒரு விமானியை உருவாக்குகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அஞ்சலோட்டமும் வான்தபாலும்

இந்தப் பின்னணியில்தான் திருவனந்தபுரம் தடத்தைக் காண வேண்டும். திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கெனத் தனி அஞ்சல் துறை இருந்தது; இந்திய அரசின் தபால் துறையோடு அது இணைந்தது 1951இல்தான். மணி கட்டிய கோலேந்தி ஓடும் அஞ்சலோட்டக்காரர் அத்துறையின் அடையாளமாக விளங்கினார். இன்று தமிழகத்தில் அலுவல் வழக்கில் நிலைபெற்றுள்ள ‘அஞ்சல்’ என்னும் சொல்லே அத்துறையின் பெயராக இருந்தது தமிழ் வாசகர் கருதத்தக்கது.

திருவனந்தபுரத்தில் வானூர்தித் திடல் 1932இல் உருவாயிற்று. ஆற்றிங்கல் இளையராணி கார்த்திகைத் திருநாள் இலக்குமிபாயின் கணவர் கோதவர்ம ராஜா அதற்கு முன்முயற்சி எடுத்தார். ஜி. வி. ராஜா என்று அறியப்பட்ட இவர், பிற்காலத்தில் கேரள விளையாட்டுத் துறையையும் கோவளச் சுற்றுலாவையும் வளர்த்தவராக நினைக்கப்படுகிறார், அவர் விமானியும்கூட. திடல் அமைந்த இடம் சங்குமுகம் கடற்கரையை ஒட்டியது. பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் கடலுக்குச் செல்லும் வழியும் அதுவே. இன்றும் ஆண்டுக்கு இருமுறை, பங்குனி, ஐப்பசி ஆராட்டு நாள்களில், பன்னாட்டு விமான நிலையத்தின் ஓடுபாதை சில மணி நேரம் மூடப்பட்டு ஊர்வலம் அதன்மீது கடந்துசெல்கிறது.

1935 அக்டோபர் 29 அன்று டாட்டா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானம் வின்ட்சென்ட்டின் தலைமையில் அத்திடலில் இறங்கியது. இரு பயணிகள் உடன் வந்தனர். மன்னர் சித்திரைத் திருநாளுக்கு வைசிராய் வில்லிங்டன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தும் அவ்விமானத்தில் வந்தது. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் அஞ்சலைச் சுமந்துகொண்டு முதல் விமானம் பம்பாய்க்குப் புறப்பட்டது. வாரம் ஒருமுறை என்ற கணக்கில் அமைந்த இச்சேவை இடையே கோவாவிலும் கண்ணூரிலும் நின்றது. கண்ணூரில் விமானம் இறங்கிய இடம் ஒரு மைதானம். இன்றைய விமான நிலையம் அந்நகருக்கு வந்தது 2018இல்தான்.

வைசிராயின் வாழ்த்து வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அத்தடத்தில் வாரந்தோறும் சேர்ந்த பறப்பு நேரம் இடம்பெறவில்லை. பம்பாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் வான்வழித் தொலைவு சுமார் 1,250 கிலோமீட்டர். ஃபாக்ஸ் மாத்தின் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர் எனக் கொண்டால் ஒருவழிப் பறப்பு எட்டு மணி நேரத்துக்கு மேல். போய்த் திரும்பினால் 16 மணி நேரத்துக்கு மேல். வாரம் தவறாமல் ஆறு மாதம் பறந்தால் 400 மணி நேரத்தைத் தாண்டும். இது ஒரு கணக்கீடு மட்டுமே; ஆயினும் ஒரே தடத்தில் ஒரு விமானிக்குக் கிடைக்கக்கூடிய அனுபவத்தின் அளவை அது காட்டுகிறது.

ஃபாக்ஸ் மாத்தின் அமைப்பும் இங்கு நினைவுகொள்ளத்தக்கது. அதன் மூடிய அறை முன்புறத்தில் உள்ளது; பயணிகளும் தபால் பைகளும் அதற்குள். விமானி அவ்வறைக்குப் பின்னால், உயரே, திறந்த இருக்கையில் அமர்ந்திருப்பார். கடிதம் நனையாமல் செல்ல, ஓட்டுபவர் நனைந்துகொண்டே பறக்க வேண்டியிருந்தது. அன்றைய வான்தபாலின் முன்னுரிமை என்ன என்பதை அந்த வடிவமே சொல்லிவிடுகிறது.

தடம் கற்பித்தவை

மேற்குக் கடற்கரைத் தடம் திசையறிவதற்கு எளிது என்று தோன்றலாம். தெற்கே வரும்போது வலப்புறம் கடல், இடப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனால் வானொலி வழிகாட்டி இல்லாத காலத்தில், மேகம் மலையிலிருந்து கடல்வரை தாழ்ந்து படரும் நாளில், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பட்டை மிகக் குறுகியது. எஞ்சின் நின்றால் இறங்குவதற்கு அங்கே என்ன உண்டு? தென்னந்தோப்பு, காயல், வயல், அலை நனைத்த மணல். எந்த மணல் சக்கரத்தைத் தாங்கும், எந்த மணல் விழுங்கும் என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. பம்பாயின் ஜூஹு திடலே ஓதத்தின்போது கடல்நீர் ஏறும் சேற்றுநிலம். மழைக்காலத்தில் சேவை புனேவுக்கு மாற்றப்பட்டது.

இத்தகைய தடத்தில் தபால் பை ஒரு வகையில் நல்ல ஆசிரியர். விமானம் குலுங்கினால் அது அஞ்சாது, தாமதமானால் முறையிடாது. ஆனால் குறித்த நாளில் குறித்த இடத்தில் அது இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் விமானியைவிட்டு நீங்காது. கழக விமானி வானம் தெளிந்த நாளைத் தெரிவு செய்யலாம். தபால் விமானிக்கு நாள் முன்பே தெரிவு செய்யப்பட்டுவிட்டது. எந்த மேகத்தைக் கடக்கலாம், எதைக் கண்டு திரும்ப வேண்டும் என்ற தீர்ப்பை அவர் தனியாக எடுத்தாக வேண்டும். டாட்டா சேவையின் முதல் ஆண்டு நேரந்தவறாமையைக் குடிசார் வான்போக்குவரத்து இயக்ககம் தன் அறிக்கையில் முன்மாதிரியாகச் சுட்டியது. அந்தப் பாராட்டுக்குப் பின்னால், நேரத்தைக் காப்பதற்கும் உயிரைக் காப்பதற்கும் இடையே வாரந்தோறும் எடுக்கப்பட்ட தீர்ப்புகள் உள்ளன.

பறப்பு நேரத்தின் எண்ணிக்கை போதாது, அதன் தன்மையும் வேண்டும் என்பதற்கு அக்காலத்திலேயே ஒரு கொடிய சான்று அமெரிக்காவில் கிடைத்தது. 1934 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு தனியார் நிறுவனங்களின் வான்தபால் ஒப்பந்தங்களை நீக்கி, அப்பணியை இராணுவ விமானப் பிரிவிடம் ஒப்படைத்தது. இராணுவ விமானிகள் பறக்கத் தெரியாதவர்கள் அல்லர். ஆயினும் இரவிலும் பனிமூட்டத்திலும் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி அவர்களுள் பலருக்குக் குறைவு. சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பணி மீண்டும் நிறுவனங்களிடமே சென்றது. பகலில், தெளிந்த வானில், தெரிந்த திடலைச் சுற்றிச் சேர்த்த மணிக்கணக்கு அவர்களுக்கு உதவவில்லை.

மணி நேரம் யாருக்கு?

தபால் தடம் எல்லாருக்கும் திறந்த வாயில் அல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். நிறுவனம் சிறியது, விமானிகள் சிலரே. போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்ட டக்கோட்டா விமானங்களைக் கொண்டு பல நிறுவனங்கள் தோன்றியபோது அவ்வாயில் விரிந்தது. இரு விமானிகள் ஓட்டும் டக்கோட்டாவில் இளையவர் மூத்தவரின் அருகில் அமர்ந்து கற்க முடிந்தது. 1949 ஜனவரியில் தொடங்கிய இரவு வான்தபால் திட்டத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடித் தபாலை மாற்றிக்கொண்டு திரும்பின. இந்திய விமானிகள் பலருக்கு இரவுப் பறப்பு அன்றாடப் பணியானது இத்திட்டத்தால்தான்.

ஆனால் மணி நேரம் சேர்வது வேறு, அது மதிக்கப்படுவது வேறு. 1947இல் அலகாபாத் பறப்புக் கழகத்தில் உரிமம் பெற்ற பிரேம் மாத்தூர் பல நிறுவனங்களால் மறுக்கப்பட்டு, ஐதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸில் துணை விமானியானார்; வணிக விமானியான முதல் இந்தியப் பெண் அவரே. தலைமை விமானியாவதற்குரிய பறப்பு நேரத்தை நிறைவு செய்த பின்னரும் அப்பொறுப்பு அவருக்கு அங்கே வழங்கப்படவில்லை. பதிவேட்டின் எண் நடுநிலையானது. அதைப் படிப்பவர்கள் அவ்வாறு இருக்கவில்லை.

மறைந்த படி

1953இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையாக்கப்பட்டது. பல சிறு நிறுவனங்கள் ஒன்றாயின, விமானங்கள் பெரிதாயின, தபால் பயணிகள் விமானத்தின் வயிற்றுக்குள் சென்றது. தபாலுக்கெனத் தனியே சிறு விமானம் பறக்க வேண்டிய தேவை படிப்படியாகக் குறைந்தது. 1981இல் தொடங்கப்பட்ட வாயுதூத் நிறுவனம் டார்னியர் 228 போன்ற சிறு விமானங்களைச் சிற்றூர்களுக்கு இயக்கியபோது இடைநிலைப் படி சில ஆண்டுகள் மீண்டும் தோன்றியது. 1990களில் அதுவும் கலைந்தது. தாராளமயத்துக்குப் பின் வந்த நிறுவனங்கள் பெரும்பாலும் ஜெட் விமானத்தோடு தொடங்கின. பயிற்சி பெற்றவர்களுக்கும் ஜெட் விமானத்துக்கும் இடையே இருந்த தடங்கள் அருகிப்போயின.

இதன் விளைவு பொருளாதாரம் சார்ந்தது. முதல் 200 மணி நேரத்தையும் அதற்குப் பின்னான விமான வகைப் பயிற்சியையும் இன்று குடும்பமே பல லட்சம் ரூபாய் செலவிட்டு வாங்குகிறது. 1935இல் கடிதம் கட்டிய கட்டணத்தை இப்போது வங்கிக் கடன் கட்டுகிறது. நேரம் வாங்கும் பொருளாகிவிட்டால் போலியும் உடன்வரும். விமானிகளிடையே ‘பார்க்கர் 51’ என்றொரு கேலிச்சொல் உண்டு. பி-51 என்பது புகழ்பெற்ற போர் விமானம். பார்க்கர் 51 புகழ்பெற்ற பேனா. பறக்காமல் பேனாவால் மட்டும் பதிவேட்டில் ஏற்றிய மணி நேரத்தையே அச்சொல் குறிக்கும். 2011இல் இந்தியாவில் போலி மதிப்பெண் சான்றிதழ்களோடு உரிமம் பெற்றவர்கள் பிடிபட்டபோது, பறக்காத நேரத்தைப் பறந்ததாகக் காட்டிய பதிவேடுகளும் வெளிப்பட்டன. தபால் தடத்தில் இத்தகைய பொய்க்கு இடம் குறைவு. கண்ணூர் மைதானத்தில் பை வந்திறங்கியதா இல்லையா என்பதற்கு முத்திரையிட்ட உறையே சாட்சி.

ஜி. வி. ராஜா விதைத்த பறப்புப் பயிற்சி மரபு இன்றும் திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி வானூர்தித் தொழில்நுட்பக் கழகம் என்னும் பெயரில் தொடர்கிறது. பயிற்சி மாணவரின் சிறு விமானமும் வளைகுடாவுக்குச் செல்லும் ஜெட் விமானமும் ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்துகின்றன. இரண்டுக்கும் இடையே சில நூறு அடித் தொலைவு. பதிவேட்டிலோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணி நேரம். தீவுகளுக்கும் மலைநாடுகளுக்கும் மருந்து, கடல் உணவு, பார்சல் ஆகியவற்றைக் கொண்டுசெல்லும் சிறு சரக்கு விமானச் சேவையின் தேவை பேசப்படும்போதெல்லாம் அது வணிக இலாப நட்டக் கணக்காகவே பேசப்படுகிறது. தபால் தடத்தின் வரலாறு அக்கணக்கில் இன்னொரு வரவைச் சேர்க்கச் சொல்கிறது: அந்தச் சரக்கு சுமந்துவரும் அனுபவம்.

வின்ட்சென்ட் 1942 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து இந்தியா திரும்பும் வழியில், அவர் பயணம் செய்த ஹட்சன் விமானம் பிரான்ஸ் கடற்பகுதியில் வீழ்ந்ததில் மாண்டார். ஜி. வி. ராஜா 1971இல் குலு பள்ளத்தாக்கில் நிகழ்ந்த விமான விபத்தில் இறந்தார். ஜே. ஆர். டி. டாட்டா மட்டும் 1982இல், தம் 78ஆம் வயதில், கராச்சி–பம்பாய்ப் பயணத்தை ஒரு லெபர்ட் மாத் விமானத்தில் மீண்டும் நிகழ்த்திக் காட்டினார். தென்னிந்திய விமான வரலாற்றை எழுத முனையும் மாணவர்கள் இப்பெரியோரின் வாழ்க்கைக் குறிப்புகளோடு நின்றுவிடாமல், பறப்புப் பதிவேடுகளையும் வான்தபால் உறைகளின் முத்திரைகளையும் சான்றாதாரங்களாகக் கொள்ளலாம். உறையிலுள்ள புறப்பாட்டு முத்திரைக்கும் வருகை முத்திரைக்கும் இடைப்பட்ட காலத்தில், பெயர் பதிவாகாத விமானி ஒருவர் கடற்கரையோரமாகத் தனியே பறந்து தன் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தார். அந்தக் கல்வியின் வரலாறு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.